இருப்புப்பாதையும் அதன் பிணைப்பும்

சென்னைக்கு மேற்கே அமைந்த பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் தோன்றிய பழம்பதி. அவர் அங்கே நந்தவனம் அமைத்து, மலர் கொண்டு காஞ்சிக்குச் சென்று இறைவனுக்குச் சாத்தி வந்தார் என்பர். மாலையைக் காண்போர் கண்ணுக்குப் பூவே தோன்றும். பூக்களைப் பிணைத்து நிற்கும் நார் தோன்றாது. ஆயினும் நார் அறுந்தால் மாலை இல்லை. இருப்புப்பாதையின் இயல்பும் இத்தகையதே.

இரயில் ஏற விரும்பும் பூந்தமல்லி மக்களிற் பலர் ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ செல்வர். அவ்வூர்களின் வழியே செல்லும் பாதை தென்னாட்டின் பழமையான பாதையாகும். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை பயணியர் வண்டி இவ்வழியே ஓடத் தொடங்கியது. இன்று மின்தொடர் வண்டிகளும் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இரவு பகலாக இதன்மீது விரைகின்றன.

அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இவ்விடைவெளி மிகவும் மாறினால் வண்டி தடம் புரளும். அதனைக் காப்பவை குறுக்குக் கட்டைகளும் அவற்றின் பிணைப்புகளுமே. முற்காலத்தில் மரக்கட்டைகளின்மேல் தண்டவாளத்தை வைத்து ஆணி அறைந்தனர். அதிர்ச்சியால் ஆணிகள் நாளடைவில் தளர்ந்தன. இன்று காங்கிரீட்டுக் கட்டைகள் வழங்குகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1660 கட்டைகள் இடப்படுகின்றன. தண்டவாளத்தின் அடியில் ரப்பர்த் தகடு ஒன்று இருக்கும். இருபுறமும் வளைந்த எஃகுக் கவ்விகள் அதனை அழுத்திப் பிடிக்கும். இவ்வகைக் கவ்வியை 1950-களில் உருவாக்கியவர் நார்வே நாட்டுப் பொறியாளர் பெர் பாண்டே-ரால்ப்சன். அவர் பெயரையொட்டி இது ‘பாண்ட்ரால் கிளிப்’ எனப்படுகிறது. ஒரு கவ்வியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அது அழுத்தும் விசையோ 850 கிலோகிராமுக்கும் மிகுதி. வில்போல் இயங்குவதால் அது அதிர்ச்சியைத் தாங்கியும் பிடியை விடுவதில்லை.

வெயிலையும் இக்கவ்விகள் தாங்க வேண்டும். தடையின்றிக் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 பாகை செல்சியசு வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நீளும். கவ்வியும் கட்டையும் கருங்கல் சல்லியும் சேர்ந்தே அந்நீட்சியை அடக்குகின்றன. அவை தளர்ந்தால் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும்.

ஆதலின் ‘கீமேன்’ எனப்படும் ஊழியர் சுத்தியலும் கொடிகளும் ஏந்தி, தம் பகுதியை நாள்தோறும் நடந்தே சோதிக்கிறார். முன்னாளில் தண்டவாளத்தை இறுக்கிய ‘கீ’ என்னும் ஆப்புகளை அடித்துச் சரிசெய்தமையால் அவர்க்கு அப்பெயர் வந்தது.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, திருவள்ளூர் மாவட்டத்துக் கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற விரைவு வண்டி கிளைப்பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதியது. பயணியர் பலர் காயமுற்றனர். பாதை பிரியுமிடத்தில் மரையாணிகள் கழற்றப்பட்டிருந்தமை விசாரணையில் தெரியவந்தது. சிற்றாணி எனினும் அதனை நம்பியே நூற்றுக்கணக்கானோர் உறங்கிச் செல்கின்றனர். வண்டிக்குக் கேடு சூழும் கருத்துடன் பாதையைத் தளர்த்துவோர்க்கு 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் ஆயுட்சிறை வரை தண்டனை விதிக்கிறது.

மாணவர் அறிய வேண்டுவன சில உள. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். நூறு மீட்டர் தொலைவில் கண்ட வண்டி நான்கு நொடியில் அருகில் வந்துவிடும். ஓட்டுநர் தடையை அழுத்தினாலும் அது உடனே நில்லாது. ஆதலின் மேம்பாலம், சுரங்கப்பாதை வழியாகவே கடத்தல் வேண்டும். மூடிய கதவின்கீழ் நுழைதலும், செவியில் பாட்டுக் கருவி பொருத்திப் பாதையோரம் நடத்தலும், தண்டவாளத்தில் கல்லோ காசோ வைத்தலும் கூடா. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. தொடாமல் நெருங்கினாலே அது தாக்கும். ஆகவே நிற்கும் வண்டியின்மேல் ஏறுதலும், பாதையருகே பட்டம் விடுதலும் உயிர்க்கு இறுதியாகும்.

கவ்வி கழன்று கிடப்பதைக் கண்டால் பாதையில் இறங்கி அதனைத் தொடலாகாது. நிலைய அதிகாரிக்கோ கதவுக் காவலர்க்கோ 139 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றாத நாரைக் காப்பவரே மாலையைக் காப்பவராவர்.