உலர்புல்லும் ஒரு சரக்குதான்

"அண்ணாச்சி, முயலுக்குப் போட அரைக் கிலோ கொண்டைக்கடலை குடுங்க."

இப்படிக் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் நம் உறுப்பினர்கள் பலருக்கும் பழக்கமானவர்களே. சந்தையில் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தீவனத்துக்கு மளிகைக் கடைக்குத்தான் வருகிறார்கள். நாமும் கடலையை எடை போட்டுக் கொடுக்கிறோம். "பிஸ்கட் தின்னுமா?" என்றால், "நல்லாத் தின்னும்" என்று ஒரு பாக்கெட்டையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

நம் கடையிலும் நான்கு மாத காலம் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் விற்றோம். ஒரு நாள் அந்த வீட்டுத் தகப்பனார் வந்து, "ரெண்டு நாளா ஒண்ணு எதுவும் திங்கல, புழுக்கையும் போடல" என்றார். மனிதருக்குச் சொல்வதுபோல் ஓமம் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதற்குள் முயல் இறந்துவிட்டது. புல்லே போடாமல் தானியமாகப் போட்டதில் குடல் வேலை நிறுத்திவிட்டது என்றாராம் மருத்துவர். கூட வந்த பையன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. விற்ற கடலைக்கு வந்த லாபம் நினைவில் இல்லை. அந்தப் பையன் நின்ற நிலை நினைவில் இருக்கிறது. அதன் பிறகு அதே மருத்துவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முயலுக்கு முதல் உணவு காய்ந்த புல். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. நாரை அரைத்து அரைத்துத்தான் பல் தேய வேண்டும். குடல் ஓடுவதும் அந்த நாரால்தான். ஆகவே உலர்புல் இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும்; நாளொன்றுக்கு முயலின் உடம்பளவு குவியல் என்பது கணக்கு. கடையில் விற்கும் குச்சித் தீவனம் கிலோ எடைக்கு 25 கிராம் போதும். கேரட் என்றைக்காவது ஒரு துண்டு. கடலை, பிஸ்கட், ரொட்டி கூடாது. முயல் அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஓமம் பார்த்துக்கொள்ளும் என்று நம்மைப்போல் இருந்துவிடக் கூடாது.

சரி, புல்லை எங்கே வைப்பது? வாங்கிப் போகிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். கூண்டின் ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைக்கிறார்கள், அது நனைந்துவிடுகிறது. முயல் தொடுவதில்லை. "எங்க முயலுக்குப் புல்லே பிடிக்கல" என்று நம்மிடம் திரும்பி வருகிறார்கள்.

முயலுக்கு ஒரு வினோதமான பழக்கம்: தின்றுகொண்டே புழுக்கை போடும். நமக்கு இது அருவருப்பாகத் தோன்றலாம்; அதற்கு அதுதான் சௌகரியம். எனவே அது வழக்கமாகக் கழிக்கும் மூலையைக் கவனித்து, அங்கே ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டு அல்லது தாழ்வான டப் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, தட்டின் ஒரு பக்கத்தில் புல்லைக் குவித்துவிட வேண்டும். முயல் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் தின்னும். ஒரே ஏற்பாட்டில் வீடும் சுத்தம், முயலுக்கும் வயிறு நிறையும். தட்டின் விளிம்பை ஒட்டித் தொட்டி வைப்பதானால், உட்கார்ந்த நிலையில் வாய் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேலே மாட்டினால் தூசி கண்ணில் விழும். கம்பி இடைவெளியில் தலையோ காலோ நுழையக் கூடாது. வெங்காயம் வரும் நைலான் வலைப் பையில் புல்லை அடைத்துத் தொங்கவிடும் யோசனை சிலருக்கு வரும். கால் சிக்கி முறியும், வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நல்ல தொட்டி நம் கடையிலேயே குவிந்து கிடக்கிறது. காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி! டேப்பையும் ஊசிகளையும் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டில் முயலின் தலை தாராளமாகப் போய்வரும் அளவு ஓர் ஓட்டை வெட்டிப் புல்லை நிரப்பினால் போதும். அட்டையைக் கடித்தாலும் கெடுதல் இல்லை. சோப்புப் பெட்டி மட்டும் வாசனைக்காக ஆகாது. கூடத்தில் சுற்றித் திரியும் முயலுக்கு இரண்டு மூன்று இடங்களில் புல் வைப்பது நல்லது. நனைந்ததன் மேல் புதுப் புல்லைப் போடாமல் தினமும் மாற்ற வேண்டும். தட்டைக் கழுவப் பினாயில் கூடாது. வினிகர் கலந்த தண்ணீர் போதும். கம்பித் தளம் உள்ள கூண்டானால் கீழே கனமாகப் புல் பரப்பச் சொல்லுங்கள், பாதம் புண்ணாகாது.

இனி நம் பக்கத்துக் கணக்கு. வெளிநாட்டு டிமோதி புல் பெரிய ஊர்களில் பாக்கெட்டில் கிடைக்கிறது. விலைதான் கையைக் கடிக்கிறது. நம் வயல் வரப்பில் இருக்கும் அருகம்புல்லே நல்ல சரக்கு. கொங்குப் பக்கத்துக் கொரங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல்லையும் கலக்கலாம். தெரிந்த விவசாயியிடம் சொல்லி, மருந்து அடிக்காத இடத்தில், கதிர் முற்றுவதற்கு முன் அறுத்துக் காயவைத்து வாங்கலாம். தெருவோரப் புல் வேண்டாம். குதிரைமசால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குப் போதாது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கக் கூடாது.

கொள்முதலின்போது ஒரு பிடியைக் கையில் முறுக்கிப் பாருங்கள். சலசலக்க வேண்டும், நசநசத்தால் ஈரம். பச்சை மாறாமல் புல் வாசனை வர வேண்டும். கறுத்தும் பூஞ்சை நெடி அடித்தும் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மரக்கட்டை மேல், சுவரிலிருந்து தள்ளி, காற்றாட அடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சமாகவே கொள்முதல் செய்யுங்கள். ஈரப்புல்லை அடுக்கினால் உள்ளே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. ஊதுபத்தி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மிளகாய் மூட்டை, மண்ணெண்ணெய் வாடையும் ஏறக் கூடாது. முக்கியமாக, வண்டுக்கு மாத்திரை போடும் தானியக் கிடங்கில் இதை வைக்கவே கூடாது.

இரண்டு கிலோ முயலுக்குச் சிந்துவதும் சேர்த்து மாதம் சுமார் 3 கிலோ செலவாகும். அரைக் கிலோக் காகிதப் பையில் போடலாம்; இறுக்கி மூடிய பாலிதீனில் வியர்த்துவிடும். முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்பதானால் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளை மறக்க வேண்டாம்: நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, பொட்டலமிட்டவர் பெயர் முகவரி ஆகியவை வேண்டும். கேட்ட எடைக்கு அப்போதே நிறுத்துக் கொடுப்பது நமக்குச் சுலபம்.

இடையில் ஒன்று: காட்டு முயலைப் பிடித்து வைத்துக்கொண்டு தீவனம் கேட்டு வருவோரும் உண்டு. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஜோடியில் மிஞ்சிய முயல் இப்போதும் இருக்கிறது. கடலை பழகிய வாய், முதல் வாரம் புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். மருத்துவர் சொன்னபடி கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தட்டைச் சரியான மூலைக்கு மாற்றிய பிறகுதான் தின்னத் தொடங்கியது. சனிக்கிழமை தோறும் புல் வாங்க அந்தப் பையனே வருகிறான். கூட ஒரு காலி பிஸ்கட் பெட்டியும் கேட்பான். பெட்டிக்கு நாம் காசு வாங்குவதில்லை.