உபாத்தியாயர் கல்வியும் சங்கப் பணமும்

அமெரிக்க உபாத்தியாயர் சம்மேளனத்தார் 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நியூயார்க் நகரத்து உபாத்தியாயர் சங்கத்துடன் கூடி, செயற்கை நுண்ணறிவைப் பள்ளிக்கூடத்தில் கையாளும் விதத்தை ஆசிரியர்களுக்குப் போதிப்பதற்கென்று ஒரு கலாசாலை நிறுவப் போவதாகவும், ஐந்து வருஷத்தில் 4 லட்சம் ஆசிரியர்களுக்கு நேரிலும் இணையத்தின் வாயிலாகவும் பயிற்சி அளிக்கப் போவதாகவும் அதில் கண்டது. அங்கத்தினர் இதற்குக் காலணாவும் கொடுக்க வேண்டியதில்லை. செலவுக்கு வேண்டிய 2 கோடியே 30 லட்சம் டாலரை மைக்ரோஸாப்ட், ஓப்பன் ஏ.ஐ., ஆந்த்ரோபிக் என்னும் மூன்று கம்பெனிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இக்கம்பெனிகள் செய்து விற்கும் சரக்கும் செயற்கை நுண்ணறிவே என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

சங்கம் தன் அங்கத்தினருக்குக் கல்வி புகட்டுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சம்பள உயர்வு கேட்பதொன்றே சங்கத்தின் வேலையென்று எண்ணுவோர் தொழிலின் கௌரவத்தை அறியாதவர். 1916-ம் வருஷத்தில் சிக்காகோ நகரில் தோன்றிய இச்சம்மேளனம், ஆல்பர்ட் ஷாங்கர் என்பார் அதன் தலைவராயிருந்த காலத்தில், 1981-ம் வருஷத்திலேயே ஆசிரியர் பயிற்சிக்கென ஒரு நல்ல முறையைக் கண்டது. பண்டிதர்களின் ஆராய்ச்சி முடிவுகளை வகுப்பில் நிற்பவனுக்கு விளங்கும்படி எளிதாக்குவது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் சில ஆசிரியர்களைப் பொறுக்கி அனுப்புவது. அவர்கள் கற்றுத் திரும்பித் தம் சகாக்களுக்குப் போதிப்பது. முறை இவ்வளவே. தொடக்கத்தில் சர்க்கார் மானியம் இருந்தது மெய்தான். ஆயினும் போதித்தவரும் கற்றவரும் சங்கத்தவரே. விலை கூற வேண்டிய சரக்கு ஒன்றும் நடுவே இல்லை.

இம்முறையின் மேன்மை எங்கேயிருக்கிறது? கல்வி இலாகா நடத்தும் பயிற்சி வகுப்பை நினைத்துப் பாருங்கள். கட்டாய ஆஜர்; ஒரு நாள் முழுதும் யாரோ ஒருவர் பிரசங்கம்; மாலையில் கையெழுத்து. தன்னிடம் கணக்கு விளங்காத பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியன் அங்கே வாய் திறந்து சொல்வானா? சொன்னால் அது அவனைப் பற்றிய ரிப்போர்ட்டில் ஏறும். சக ஆசிரியனிடம் சொல்வதற்கு அப்பயம் இல்லை. குறையை ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் கல்வி நடவாது. ஒப்புக்கொள்ளக்கூடிய இடம் சங்கம்.

இணையம் வந்தபின் இவ்வசதி பட்டணத்தாருக்கு மட்டுமின்றித் தூரத்துச் சிற்றூர் ஆசிரியனுக்கும் கிட்டிற்று. 2012-ம் வருஷத்தில் இதே சம்மேளனம், இங்கிலாந்துக் கம்பெனியொன்றுடன் கூடி, ஆசிரியர்கள் தாம் தயாரித்த பாடங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகப் பரிமாறிக்கொள்ள ஓர் இணையதளம் ஏற்படுத்திற்று. 1857-ல் பிறந்த தேசியக் கல்விச் சங்கமோ சிறு சிறு நற்சாட்சிகளைத் தன் அங்கத்தினருக்கு இலவசமாக வழங்கி வருகிறது. அதைப் பெறுவதற்கு வகுப்பில் உட்கார்ந்த மணிக்கணக்கைக் காட்டினால் போதாது. தன் பிள்ளைகள் எழுதியவற்றையும் தான் பாடம் நடத்திய விதத்தையும் சான்றாக அனுப்ப வேண்டும். போதாதென்றால் திருத்தி மறுபடி அனுப்பலாம். (நமது சட்டப் பரீட்சைகளில் இம்முறை இருந்திருக்குமாயின் எத்தனையோ பேர் தப்பியிருப்பர்.) ஒரு குறையும் உண்டு. வீட்டிலிருந்தே கற்கலாமென்பது, நாளடைவில், இரவில் சம்பளமின்றிக் கற்க வேண்டுமென்பதாகிவிடும். வேலை நேரத்தைப் பேரம் பேசும் சங்கமே இதில் ஏமாந்துவிடலாகாது.

நிற்க. பணத்தின் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1998-ம் வருஷத்தில் சர்க்கார் ஒரு சங்கக் கல்வி நிதி ஏற்படுத்தினர். ஆசிரியர் சங்கங்களும் அதில் பங்கு பெற்றன. 2002-ம் வருஷத்துச் சட்டம், சங்கத்தின் கல்விப் பிரதிநிதிகள் சம்பளத்துடன் வேலையினின்று விலகி அக்காரியத்தைக் கவனிக்க உரிமையளித்தது. பிறகு வேறு கட்சியாரின் மந்திரிசபை வந்தது. 2020-ம் வருஷம் அக்டோபரில், கொள்ளைநோயின் நடுவே, மானியம் நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். 2021 மார்ச்சுடன் நின்றது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பணம் போயிற்று.

சர்க்கார் பணம் நின்றுபோகக் கூடியது. கம்பெனிப் பணத்தின் அபாயமோ வேறு. அது நிற்காமல் வந்துகொண்டேயிருப்பதுதான் அபாயம். இந்த யந்திரங்களைப் பள்ளியில் புகுத்தலாமா, எந்த வயதுப் பிள்ளைக்கு, எவ்வளவு நேரம், பிள்ளைகள் எழுதுவதெல்லாம் யாரிடம் போய்ச் சேர்கிறது, ஆசிரியனின் வேலை இதனால் குறையுமா, அல்லது ஆசிரியனே குறைக்கப்படுவானா? இவையெல்லாம் நாளை அச்சங்கம் பள்ளி நிர்வாகிகளுடன் மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டிய விவகாரங்கள். இவற்றைக் குறித்து அங்கத்தினருக்கு அறிவூட்டும் செலவை, விற்பனையாளரே கொடுக்கின்றனர். எதிர்க்கட்சியிடம் பீஸ் வாங்கிய வக்கீல் யோக்கியராகவே இருக்கலாம். அவரிடம் வக்காலத்துக் கொடுக்கும் கட்சிக்காரனை நமது கோர்ட்டு அனுபவத்தில் நாம் கண்டதில்லை.

சங்கத்தார் பக்கத்து நியாயத்தையும் சொல்வதே தர்மம். யந்திரம் எப்படியும் வந்துவிட்டது. ஒதுங்கி நின்றால் கம்பெனிகளும் நிர்வாகிகளும் ஆசிரியனைக் கேளாமலே ஏற்பாடு செய்துகொள்வர். உள்ளே புகுந்தால் பாடத்திட்டத்தையாவது ஆசிரியர்களே வகுக்கலாம் என்கின்றனர். இவ்வாதம் அற்பமன்று. ஆனால் உள்ளே புகுவதற்குப் பிறர் பணம் அவசியமா என்பதே நமது கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். சம்மேளனத்தின் அங்கத்தினர் 18 லட்சம் பேர். 2 கோடியே 30 லட்சம் டாலரை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால், தலைக்கு வருஷமொன்றுக்கு இரண்டரை டாலருக்குச் சற்று மேற்படுகிறது. அந்நகரத்தில் ஒரு கோப்பைக் காபிக்கு இது போதுமோ போதாதோ. இத்தொகையைச் சந்தாவில் சேர்த்து வசூலிக்க மகாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கலாம். இப்பொழுதும் காலம் கடந்துவிடவில்லை. அதுவரையில், கம்பெனிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் ஷரத்துக்களை ஒன்றுவிடாமல் அங்கத்தினர் முன் வைக்கும்படி அவ்வூர் ஆசிரியர்கள் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.