எஞ்சினுக்கு எவ்வளவு பசி?



ஃப்யூயல் பம்ப் என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்துவிடப் போகிறது. நான் சொல்வது காரின் டேங்குக்குள், பெட்ரோலிலேயே மூழ்கி ஓடும் சின்ன எலெக்ட்ரிக் பம்ப்.

ஜப்பான் நாட்டு டொயோட்டா சுப்ராவைப் பார்ப்போம். 1993-ல் வந்த மாடலில் 3 லிட்டர் எஞ்சின், இரட்டை டர்போ, ஜப்பானில் 280 குதிரைத்திறன். ட்யூனிங் செய்பவர்கள் பெரிய டர்போ மாட்டி இதை 500-க்கு ஏற்றுகிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும். பழைய பம்ப் திணறினால் கலவை 'லீன்' ஆகும், டெட்டொனேஷன் வரும், பிஸ்டனே உருகி ஓட்டையாகலாம். பம்ப் விலை எங்கே, எஞ்சின் விலை எங்கே!

சரி, எந்த பம்ப் வாங்குவது? லேபில் நாம் கணக்குப் போட்டு ரெக்கார்டில் எழுதுகிற எஸ்.எஃப்.சி. இங்கேதான் வேலைக்கு வருகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

500 × 270 கிராம் = 135 கிலோ
135 ÷ 0.74 (பெட்ரோல் அடர்த்தி) = 182 லிட்டர்
20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தால் = சுமார் 220 லிட்டர்

அப்போ 'மணிக்கு 255 லிட்டர்' என்று போட்ட பம்ப் போதும்தானே? அவசரப்படாதீங்க! அந்த நம்பர் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் எடுத்தது. டர்போ 1.2 பார் தள்ளும்போது, இன்ஜெக்டரின் வாயில் அந்த அழுத்தம் எதிர்த்து நிற்கும். அதைச் சமாளிக்க ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தை 4.2 பாருக்கு ஏற்றும். அழுத்தம் ஏற ஏற, பம்ப் தரும் அளவு குறையும். பழைய மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கினால் இன்னும் குறையும்.

ஆகவே கம்பெனி தரும் கிராஃபில் 4.2 பாருக்கு நேரே 220 லிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் முனையிலேயே மல்ட்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜ் பாருங்கள். குறைந்தால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வைத்து தடித்த ஒயர் இழுக்கணும்.

'பெரிசாவே போட்டுடலாமே' என்பதும் தப்பு. ஐடிலிங்கில் மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பணும். ரிட்டர்ன் பைப் சின்னதாக இருந்தால் ரெகுலேட்டரால் அழுத்தத்தை இறக்க முடியாது. கலவை 'ரிச்' ஆகிவிடும். சுற்றிச் சுற்றி வந்து பெட்ரோலும் சூடாகும்.

நாளை ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் நம்மை நம்பிச் சாவியைக் கொடுப்பார். அன்று பெட்டி மேல் உள்ள நம்பரைப் பார்க்காமல், கிராஃபைப் பார்த்து பம்ப் எடுத்தால் அவர் எஞ்சின் பிழைக்கும்; நம் டிப்ளமோவுக்கும் மரியாதை!