மொட்டைமாடிக்கு எந்தத் தளம்?

வீட்டுக் கடனின் மாதத் தவணை பெரும்பாலும் 15 அல்லது 20 ஆண்டுகள் தொடர்கிறது. அத்தனை காலமும் வெயிலையும் மழையையும் நேராக ஏற்று நிற்பது மொட்டைமாடி. ஆயினும், கட்டுமானச் செலவுக் கணக்கில் அதன் மேல்தளம் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பணம் தட்டுப்படும்போது முதலில் குறைக்கப்படுவதும் அதுவே. கான்கிரீட் தண்ணீரை விடாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். உண்மையில், கான்கிரீட் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. நாளடைவில் மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் தேவைப்படுவதால், அது கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. படுக்கையறையின் மேற்கூரையிலிருந்து காரை விழத் தொடங்கிவிட்டால் மேலே எதைப் பூசியும் பயனில்லை. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் வாட்டத்தைப் பார்க்க வேண்டும். மாடியின் 100 அடி நீளத்துக்கு 1 அடியேனும் சரிவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 20 அடி நீள மாடியில் இது ஏறத்தாழ இரண்டரை அங்குலம். மழை நின்ற மறுநாளும் மாடியில் குட்டைபோல் நீர் தேங்கியிருந்தால், விலை உயர்ந்த பூச்சும் அந்த இடத்தில்தான் முதலில் உரியும். வாட்டமும் மழைநீர்க் குழாயின் வாயும் சரியாக இல்லாத மாடிக்குப் பூச்சு வாங்குவது வீண் செலவு என்றே கூறுவோம்.

நம் நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தன் வானிலைக்கு ஏற்ற தளத்தை முன்பே கண்டறிந்திருந்தது. மழை குறைந்து வெயில் மிகுந்த வடமேற்குச் சமவெளிகளில், வைக்கோல் கலந்த மண்ணைக் கெட்டித்து அதன்மேல் செங்கல் ஓடு பதித்தனர். 'மட் புஸ்கா' எனப்படும் இம்முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2115 என்னும் தனி விதிமுறையே வகுத்துள்ளது. வெப்பத்தைத் தடுப்பதில் அது சிறந்தது. வாரக்கணக்கில் மழை பெய்யும் மேற்குக் கடற்கரைக்குப் பொருந்தாது. தமிழகத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை இட்டு, மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். மும்பையில் செங்கல் துண்டுகளைச் சிமெண்ட் கலவையில் பதிக்கும் 'பிரிக்பேட் கோபா' பரவலானது. வாட்டம், வெப்பத் தடுப்பு, நீர்த் தடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே வேலையில் தருவது அதன் சிறப்பு.

அதன் குறை எடை. 100 மில்லிமீட்டர் கனத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். 600 சதுர அடி மாடிக்குச் சுமார் 11 டன். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 விதிமுறை கணக்கில் கொள்ளும் நடமாட்டச் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். பழைய தளம் ஒழுகுகிறது என்று அதன்மேலேயே இன்னொரு தளம் போடுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பழையதை எடுத்துவிட்டுப் போடுவதே முறை. எடுக்கும் செலவைத் தவிர்க்கலாம் என்று கூறும் ஒப்பந்ததாரரிடம், தளம் அந்தச் சுமையைத் தாங்கும் எனப் பொறியாளர் எழுதிக்கொடுத்த சான்றைக் கேளுங்கள்.

எடை கூட்ட இயலாத பழைய கட்டடங்களுக்குத் தார் விரிப்பு ஏற்றது. கடைகளில் 'மெம்பிரேன்' என்று கேட்டால் கிடைக்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள இதைச் சுடர் காட்டி ஒட்டுவார்கள். ஈரமான தளத்தில் ஒட்டினால் நீராவி சேர்ந்து கொப்புளம் எழும். எனவே இது கோடைக்கால வேலை. கறுப்பாக இருப்பதால் வெப்பத்தை இழுக்கும். மேலே காப்பு இல்லாவிட்டால் வெயிலில் நலிந்துவிடும். அப்பளமும் வற்றலும் காய வைக்க நாள்தோறும் ஏறி இறங்கும் மாடியானால் மேலே ஓடு பதித்தாக வேண்டும்.

அக்ரிலிக் பூச்சு மலிவு, எளிது. ஆனால் தேங்கும் நீரைத் தாங்காது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். பாலியூரித்தேன் பூச்சு விலை கூடியது, உழைப்பும் கூடுதல். வெண்ணிறக் குளிர் ஓடுகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதில் சிறந்தவை. வெண்ணிறக் கூரைகளை ஊக்குவிக்கத் தெலங்கானா அரசு 2023இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. எனினும் ஓடுகளின் இணைப்புகள் வழியே நீர் இறங்கும் என்பதால், நீர்த் தடுப்பு அடுக்கு அடியில் தனியாக இருக்க வேண்டும்.

கூரைமேல் சூரிய மின்தகடு அமைக்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கும் என்ற கணக்கில்தான் அவற்றை அமைக்கிறோம். அவற்றுக்கு அடியில் இருக்கும் பூச்சு ஐந்தாறு ஆண்டுகளில் நலிந்தால், சட்டங்களைக் கழற்றி வேலை செய்து மீண்டும் பூட்ட வேண்டும். ஆகவே மாடியை முதலில் சீரமையுங்கள். தகட்டின் கால்களுக்குத் துளையிடாமல், கான்கிரீட் பீடங்கள் கட்டி அவற்றின்மேல் நிறுத்த இயலுமா என்று கேளுங்கள்.

சீரமைப்புக்கும் வங்கிக் கடன் உண்டு. சொந்தக் குடியிருப்பைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில், பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். மதிப்பீட்டில் வாட்டம் திருத்துதல், பழைய தளம் நீக்குதல், கைப்பிடிச் சுவரின் அடியை வளைவாகப் பூசுதல், நீர்ச் சோதனை ஆகியவை தனித்தனி வரிகளாக எழுதப்பட்டிருக்கட்டும். நீர்ச் சோதனை எளியது: வடிகால் வாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குல நீரை 48 மணி நேரம் நிறுத்திவைத்துக் கீழ்த்தளத்தின் மேற்கூரையையும் சுவர் மூலைகளையும் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரருக்குரிய கடைசித் தவணையை அதன் பிறகே கொடுங்கள்.