பூட்ஸுக்குப் போன தோல்: போர் முடிந்த பிறகு மிஞ்சும் ராணுவச் சரக்கு எங்கே போகிறது?

வேலூர் லாங் பஜாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் மணிக்கூண்டைப் பார்த்திருப்பார்கள். அதிலுள்ள கல்வெட்டை நின்று படித்தவர்கள் குறைவு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்கிறது அந்தக் கல்வெட்டு.

அதே ஆண்டுகளில் இந்த வட்டாரத்திலிருந்து இன்னொன்றும் போருக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்கள் உட்பட மதராஸ் மாகாணம் முழுக்கப் பதனிட்ட மாட்டுத்தோல் கப்பலேறியது. இங்கிலாந்தில் பூட்ஸாகி, பிரான்ஸ் நாட்டுப் பதுங்குகுழிச் சேற்றில் மிதிபட்டது. போர் முடிந்ததும் பூட்ஸ் மிஞ்சியது, தோலும் மிஞ்சியது. அப்படி மிஞ்சிய சரக்கு என்ன ஆகிறது, அந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு, அடி யாருக்கு என்பதற்கு நம் தோல் பெல்ட்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

'மிலிட்டரி சர்ப்ளஸ்' என்றால் என்ன?

ராணுவம் எப்போதும் தேவைக்கு மேலேயே வாங்கும். நாளைக்குப் போர் எவ்வளவு நாள் நீளும் என்று யாருக்கும் தெரியாது. பூட்ஸ் இல்லாமல் சிப்பாயை அனுப்பவும் முடியாது. அதனால் பத்து லட்சம் ஜோடி தேவைப்படும் இடத்தில் பதினைந்து லட்சம் ஜோடிக்கு ஆர்டர் போகும். திடீரென்று ஒருநாள் போர் நின்றுவிடும், அல்லது சீருடை மாறிவிடும். அப்போது கிடங்கில் கிடப்பதெல்லாம் 'சர்ப்ளஸ்'. வைத்திருந்தால் கிடங்குச் செலவு, காவல் செலவு. எனவே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே இந்த வியாபாரம் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகுதான் இது கடல் தாண்டிய பெரிய வணிகமாக வளர்ந்தது.

ஆவாரம்பட்டை போருக்குப் போன கதை

முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியத் தோல் இரண்டு வழியாக வெளியே போனது. கல்கத்தாவிலிருந்து பச்சைத்தோல் பெருமளவில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போகும். அந்த வியாபாரம் ஜெர்மன் கம்பெனிகளின் கையில் இருந்தது. மதராஸிலிருந்து போனது பதனிட்ட தோல். லண்டன் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர்.

கிப்ஸ் என்பது சிறிய உடம்புள்ள மாட்டின் தோல். நம் ஊர் மாடு சிறியது. அதன் தோலும் மெல்லியது. சோலுக்கு ஆகாது, ஆனால் பூட்ஸின் மேல்பாகத்துக்கு, அதாவது தொழிலாளர்கள் 'அப்பர்' என்று சொல்லும் பகுதிக்கு, ரொம்பப் பொருத்தம். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து எண்ணெய் தேய்த்து அனுப்புவார்கள். கடுக்காய் எதற்கு என்றால், ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கும். குளத்தங்கரையில் சும்மா வளரும் செடியின் பட்டையும், பாட்டி வைத்தியக் கடுக்காயும் சேர்ந்ததுதான் அன்றைய தொழில்நுட்பம். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். முதலீடும் வியாபாரமும் பெருமளவு தமிழ் முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தன. சரக்கு சென்னை பெரியமேடு வழியாகத் துறைமுகத்துக்குப் போகும்.

போர் வந்ததும் ஜெர்மன் கம்பெனிகளின் கதவு மூடியது. பிரிட்டனுக்கோ லட்சக்கணக்கான சிப்பாய்களின் காலுக்கு பூட்ஸ் வேண்டும். நார்தாம்ப்டன் போன்ற ஊர்களின் செருப்புத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. 1916-ல் பிரிட்டிஷ் போர் அமைச்சகம் மதராஸ் கிப்ஸை நேரடியாகத் தானே வாங்கத் தொடங்கியது. 1917-ல் சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் அமைந்த இந்திய மியூனிஷன்ஸ் போர்டு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தரம் பிரித்து, விலை நிர்ணயித்து, வாங்கியது. ஆவாரம்பட்டை தட்டுப்பாடு வரக் கூடாது என்று ஆட்டுத்தோல் பதனிடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். மாட்டுத்தோலுக்குத்தான் முதலிடம்.

டேனரிக்காரர்கள் பார்வையில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வாங்குபவர் ஒரே ஒருவர். விலை அவர் சொல்வதுதான். ஆனால் எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்வார். புதுத் தொட்டிகள் கட்டினார்கள், புது டேனரிகள் முளைத்தன. கடன் வாங்கியும் கட்டினார்கள்.

போர் நின்றதும் என்ன ஆனது?

1918 நவம்பரில் போர் நின்றது. பிரிட்டன் அரசு மிச்சச் சரக்கை விற்கவே 'டிஸ்போசல்ஸ் போர்டு' என்று ஓர் அமைப்பை வைத்தது. கம்பளி, லாரி, பூட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் வியாபாரிகள் வந்தார்கள்.

இந்தியாவில், போரில் வளர்ந்த டேனரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றும், பச்சைத்தோல் மறுபடி ஜெர்மனி கைக்குப் போய்விடக் கூடாது என்றும் 1919 செப்டம்பரில் ஓர் ஏற்பாடு வந்தது. வெளியே போகும் பச்சைத்தோலுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி. பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே பதனிட்டால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. முதல் பாதி நம் டேனரிகளுக்கு உதவி; இரண்டாம் பாதி லண்டன்காரர்களுக்கு உதவி. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது காலனி அரசின் சாமர்த்தியம்.

ஆனால் 1920 இறுதியில் உலகச் சந்தை சரிந்தபோது வரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிடங்கில் தோல் மிச்சம், கடையில் ராணுவ பூட்ஸ் மிச்சம். புதுத் தோலுக்கு எவன் வருவான்? மதராஸின் பதனிட்ட மாட்டுத்தோல் ஏற்றுமதி படுத்தது. 1921-22-ல் கூடிய ஃபிஸ்கல் கமிஷன் இந்த வரி சரியில்லை என்றது. 1923-ல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. பேரரசுத் தள்ளுபடி போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராணுவம் மிச்ச பூட்ஸை ஏலம் விட்டு ஏதோ ஒரு காசு பார்த்துவிடும். அந்த பூட்ஸை நம்பிக் கட்டிய தொட்டியை யாரும் ஏலம் எடுப்பதில்லை. சர்ப்ளஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்குபவருக்குக் கிடைத்த மலிவைத்தான் எழுதுகிறார்கள்.

ஜீப்பும் ஃபுல்பிரைட்டும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சியது அதைவிடப் பல மடங்கு. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்களை நீட்டி, கூரை போட்டு, வர்ணம் அடித்து மக்கள் பஸ் ஆக்கிக்கொண்டார்கள். 'ஜீப்னி' பிறந்தது அப்படித்தான். இந்தியாவிலும் அமெரிக்கப் படைகள் விட்டுப்போன சரக்கை 1946-ல் இந்திய அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கியது. அதை விற்கத் தனி இயக்குநரகமே இருந்தது. 'டிஸ்போசல்' என்ற சொல் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் புழங்கியது அந்தக் காலத்தில்தான்.

தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போகிறார்கள். 1946-ல் செனட்டர் ஃபுல்பிரைட் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கான பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெளிநாடுகளில் விற்ற அமெரிக்கப் போர்ச் சரக்கின் காசிலிருந்து. வாங்கிய நாடுகளிடம் டாலர் இல்லை. சரி, உள்ளூர்ப் பணமாகவே கொடுங்கள், அதைக் கல்விக்குச் செலவழிப்போம் என்றார்கள்.

இன்று எப்படி விற்கிறார்கள்?

அமெரிக்காவில் பாதுகாப்புத் தளவாட ஏஜென்சியின் ஒரு பிரிவு இதைக் கவனிக்கிறது. முதலில் வேறு படைப்பிரிவுக்கு வேண்டுமா என்று கேட்பார்கள். பிறகு மற்ற அரசுத் துறைகள், மாநிலங்கள், காவல்துறை. யாருக்கும் வேண்டாம் என்றால்தான் பொது விற்பனை. ஆபத்தான பொருள் என்றால் நொறுக்கித்தான் வெளியே விடுவார்கள். ஜெர்மனியில் இந்த வேலைக்கு 'ஃபேபெக்' என்ற அரசு நிறுவனம் இருக்கிறது.

நம் நாட்டில் படைப்பிரிவின் குழு ஒன்று பொருளைப் பார்த்து 'கண்டம்' செய்யும். பிறகு ஏலம். 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான எம்.எஸ்.டி.சி. ஆன்லைனில் நடத்தும் ஏலங்களில் பாதுகாப்புத் துறையின் பழைய சாமான்களும் வரும். ஒரு ஜோடி ஷூ வாங்க அங்கே போக முடியாது, லாட் கணக்கில்தான்.

சரி, சந்தையில் "ஒரிஜினல் மிலிட்டரி சார், கிழியவே கிழியாது" என்று விற்கிறார்களே, அது? பெரும்பாலும் நகல்தான். வெளிநாட்டு ராணுவத்தின் பழைய உடுப்பையும் பூட்ஸையும் இஷ்டத்துக்கு இறக்குமதி செய்யவும் முடியாது. பயன்படுத்திய ஆடை, காலணி என்ற சுங்கப் பிரிவு இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி.

பூட்ஸ் போடுவதில் தப்பில்லை. சீருடை விஷயத்தில் ஜாக்கிரதை. சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு ராணுவ உடை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் அறிமுகமான ராணுவத்தின் புதிய சீருடை வடிவத்தை ராணுவமே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைக் கடைக்காரர் தைத்து விற்பதும் பிரச்சினை.

ஆம்பூருக்கு இதில் என்ன பங்கு?

பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளியே போவதை 1970-களில் அரசு கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகு இந்தப் பெல்ட் ஷூவுக்கு மாறியது. இன்று ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தைப்பதில் ராணுவச் சாயல் உள்ள மாடல்களும் உண்டு.

அந்தச் சாயல் வந்த வழி சுவாரசியமானது. போர்க்காலத்தில் பர்மாவில் இருந்த நாதன் கிளார்க், கெய்ரோ பஜாரில் செய்த மெல்லிய தோல் பூட்ஸை அதிகாரிகள் போட்டிருந்ததைப் பார்த்தார். அதிலிருந்து 1950-ல் வந்ததுதான் கிளார்க்ஸ் கம்பெனியின் 'டெசர்ட் பூட்'. கிளார்க்ஸ் இன்று ஆம்பூரிலும் ஷூ வாங்குகிறது. இன்னொன்று, ஜெர்மன் ராணுவம் உடற்பயிற்சிக்குக் கொடுத்த சாதாரண வெள்ளை ஷூ. மிச்சச் சரக்காகச் சந்தைக்கு வந்ததை 1990-களில் பெல்ஜியம்காரரான மார்ட்டின் மார்ஜியலா தன் ஃபேஷன் கம்பெனிக்காக எடுத்தார். இன்று அந்த மாடல் பல ஆயிரம் ரூபாய்.

ஆனால் அமெரிக்க ராணுவத்துக்கே நேரடியாக பூட்ஸ் விற்க ஆம்பூரால் முடியாது. 1941-லிருந்து இருக்கும் 'பெர்ரி திருத்தம்', சிப்பாயின் உடையும் பூட்ஸும் அமெரிக்காவிலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ராணுவ பூட்ஸ் மாதிரி ஒன்றைப் பொதுமக்களுக்குச் செய்து விற்கலாம், அவ்வளவுதான்.

அந்த வழியும் எப்போதும் திறந்திருப்பதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டரை ரத்து செய்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. தோல் பொருளும் ஷூவும் அந்த அடியை வாங்கின. 1920-ல் நடந்ததுபோலவே இதிலும், தைத்து முடித்த சரக்குக்குத் திடீரென்று ஆள் இல்லாமல் போகிறது. அந்த வாரம் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஷிப்ட் குறையும்.

அப்படி ரத்தான ஆர்டரும், தையலில் சின்னக் குறையால் கழிந்ததும் ஆம்பூர் கடைகளுக்கு வருகின்றன. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பிரியாணிக்காக இறங்குகிறவர்கள் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' போர்டைப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி வாங்கிப் போவது வழக்கம். வாங்கும்போது சைஸ் நம்பரை மட்டும் நம்பாமல் இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். ஐரோப்பா நம்பர், அமெரிக்கா நம்பர், பிரிட்டன் நம்பர் எல்லாம் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும்.