ஊரார் வீட்டு நெய்

விமான மைல்களும் விடுதிப் புள்ளிகளும் ஒருவருடைய கணக்கில் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதைச் சென்ற சில வாரங்களில் விஸ்தாரமாகவே பார்த்தோம். அப்படிச் சேர்த்தவற்றைக் கொண்டு கென்யா தேசத்து மாசாய் மாரா வனத்தில் சிங்கத்தையும் யானையையும் அவை வசிக்கும் இடத்திலேயே கண்டு வர இயலுமா என்பது இந்த வாரத்து விஷயம். இயலும். ஆனால், காலணா செலவில்லாமல் ஆப்பிரிக்கா போய் வந்ததாக இவ்வித்தையில் கைதேர்ந்தவர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமையில் பாதிதான் நிஜம். மற்றப் பாதியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறர் பணத்தில் ஆப்பிரிக்க வனம் புகுவது நம் காலத்து யுக்தி அன்று. அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய சில வாரங்களுக்குள், 1909-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தியோடர் ரூஸ்வெல்ட் தம் புதல்வர் கெர்மிட்டுடன் மொம்பாசாத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிச் சாலைக்குப் பிராணி மாதிரிகள் சேகரித்துக் கொடுப்பது என்ற கௌரவமான காரணத்தின் பேரில் நடந்த அந்த யாத்திரையில், உடன் வந்த விஞ்ஞானிகளின் செலவை ஆண்ட்ரூ கார்னகி முதலிய தனவந்தர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரூஸ்வெல்ட்டோ தம் பங்குச் செலவுக்காக 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதச் சம்மதித்து 50,000 டாலர் பெற்றார். (தொடர் கட்டுரைக்கு அப்படியும் ஒரு பொற்காலம் இருந்திருக்கிறது!) தகப்பனும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய பெரிய பிராணிகள் மட்டும் 512. 1977-ல் கென்ய அரசாங்கம் வேட்டையை அறவே தடை செய்துவிடவே, துப்பாக்கி பிடித்த கைகளில் காமிரா ஏறியது; செலவைப் பிறர் தலையில் ஏற்றும் சாமர்த்தியத்துக்கு மட்டும் தடை ஒன்றும் வரவில்லை.

பெரிய மனிதர்களுக்கே வாய்த்திருந்த அந்தச் சலுகையின் கதவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்கள் பறந்த தூரத்தைக் கணக்கிட்டு இனாம் டிக்கெட் தரத் தொடங்கிய 1981 மே முதல் தேதியன்றுதான் சாமானியர்களுக்கும் திறந்தது. நாளடைவில் ஆகாயத்தில் ஏறாமலே மைல் சேர்ப்பவர்களும் தோன்றினார்கள். உணவுப் பண்டக் கம்பெனி ஒன்று தன் சரக்கில் பத்து வாங்கிச் சீட்டுகளை அனுப்பினால் 500 மைல் தருவதாகவும், குறித்த தேதிக்குள் அனுப்பினால் அதை இரட்டித்துத் தருவதாகவும் 1999-ல் செய்த விளம்பரத்தைப் படித்த கலிபோர்னியா எஞ்சினீயர் ஒருவர், அந்தச் சரக்குகளில் எது எல்லாவற்றிலும் மலிவு என்று கடை கடையாக ஏறி இறங்கித் தேடி, கால் டாலருக்கு விற்ற புட்டிங் கிண்ணங்களாகப் பார்த்து 12,150 வாங்கிக் குவித்தார். அத்தனை சீட்டையும் கிழித்தெடுக்க வீட்டார் கை போதாமற்போகவே, புட்டிங்கை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குத் தானமாகக் கொடுத்து, அதன் தொண்டர்களைக் கொண்டே சீட்டுகளைக் கிழிக்கச் செய்து, ஏறக்குறைய 3,140 டாலர் செலவில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மைல்களையும், தானம் செய்த வகையில் 815 டாலர் வருமான வரிச் சலுகையையும் ஒருங்கே அடைந்தார். இந்த மனிதரை நான் மனமார மெச்சுகிறேன். அவருடைய மைல்களுக்குப் பணம் கொடுத்தது விளம்பரத்துக்கென்றே பணம் ஒதுக்கி வைத்த ஒரு கம்பெனி. ஏழைகளுக்கோ புட்டிங் கிடைத்தது.

இன்று நாம் சேர்க்கும் புள்ளிகளின் பூர்வோத்தரம் அத்தனை சுத்தமானதன்று. கடன் அட்டையில் பணம் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் அதில் ஒரு சிறு பங்கை பாங்கிக்குக் கட்டணமாக விட்டுக்கொடுக்கிறார். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பாங்கியானது விமானக் கம்பெனிகளிடமும் விடுதிக் கம்பெனிகளிடமும் புள்ளிகளை மொத்தக் கிரயத்துக்கு வாங்கி நமக்கு விநியோகிக்கிறது. கடைக்காரர் தாம் விட்டதைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுவதால், ரொக்கம் கொடுத்து மளிகை வாங்குகிறவனும் தனக்கு எட்டாத ஒரு பிரயாணத்துக்குத் தன் பங்கைச் செலுத்திவிட்டுப் போகிறான். பாஸ்டன் நகரத்து பெடரல் ரிசர்வ் பாங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் அமெரிக்காவுக்குப் போட்ட கணக்கின்படி, ரொக்கத்தில் புழங்கும் குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 149 டாலரை இழக்க, அட்டையில் புழங்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2020-ல் வெளிப்பட்டது: கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் முடங்கியபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தையே ஈடு வைத்துக் கடன் வாங்கியது, அத்திட்டத்துக்கு அப்போது சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் கிழவிகள் பரிகசிப்பது இந்தப் பந்தியைப் பார்த்துத்தானோ என்று தோன்றுகிறது.

தோன்றினாலும், பந்தியில் இலை போட்டாகிவிட்டது. பரிமாறுவது என்ன என்று பார்க்கலாம். மாரியட் கம்பெனி 2023-ல் மாராவின் தலேக் நதிக்கரையில் 20 கூடாரங்கள் கொண்ட ஜே. டபிள்யூ. விடுதியைத் திறந்த பிறகுதான் புள்ளிக்காரர்களின் பார்வை இந்தப் பக்கம் பலமாகத் திரும்பிற்று. கூடாரம் என்றதும் முளையையும் கயிற்றையும் நினைத்துவிட வேண்டாம். ஸ்நான அறையும் நதியைப் பார்த்த தாழ்வாரமும் சகல சௌகரியங்களும் உடைய துணிச்சுவர் மாளிகை அது. ரொக்கமானால் இரவொன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும், புள்ளியானால் லட்சத்துக்கு மேலும் ஆகும். போஜனமும், காலை மாலை ஜீப்பில் வனம் சுற்றுவதும் அதிலேயே அடக்கம். நாலு இரவுக்குப் புள்ளி செலுத்தினால் ஐந்தாம் இரவு இனாம். ஆனால் 2022 முதல் இக்கம்பெனி நிலையான புள்ளிப் பட்டியலைக் கைவிட்டுவிட்டதால், இன்று ஒரு லட்சமாயிருப்பது அடுத்த மாதம் எவ்வளவாகும் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அக்கோர் விடுதிக் கம்பெனியின் முறை வேறு: 2,000 புள்ளிக்கு 40 யூரோ என்று அங்கே திட்டமான விகிதம் உண்டு, அதிர்ஷ்டமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. புள்ளிகளைப் புதையலாகக் காப்பவர்களைக் கண்டால் எனக்கு இரக்கமே உண்டாகிறது. வட்டி கிடையாத, மதிப்புத் தேயும் நாணயத்தைப் பூட்டி வைப்பதில் என்ன விவேகம் இருக்கிறது?

இத்தனை செல்வாக்குடைய புள்ளி, நைரோபியை விட்டு வெளியேறியதும் தன் பலத்தை இழக்கத் தொடங்குகிறது. அந்நகரத்து வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவின் புல்தரைகளில் போய் இறங்கும் சின்னஞ்சிறு செஸ்னா விமானங்களில், ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் சாமான் கூடாது. அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். டிக்கெட்டைப் பெரும்பாலும் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். அப்பால் வனத்தின் வாசல். மாரா அடங்கிய நாரோக் மாவட்டத்தின் நிர்வாகம் 2024 முதல் வயது வந்த வெளிநாட்டார் ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்கு, ஜனவரி முதல் ஜூன் வரையில் 100 டாலரும், வில்டபீஸ்ட் மந்தைகள் தான்சானியாவிலிருந்து நதி கடந்து வரும் பருவத்தை உள்ளிட்ட பிற்பாதியில் 200 டாலரும் வசூலிக்கிறது. தம்பதியாக ஆகஸ்டு மாதத்தில் நாலு நாள் சுற்றுவோர் வாசலில் மட்டும் 1,600 டாலர் எண்ணி வைக்க வேண்டும். 'எல்லாம் இனாம்' என்று புறப்பட்டு வந்தவர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. எனக்கோ, பிரயாணம் முழுவதிலும் நியாயமாகச் செலவான பணம் இதுவே என்று படுகிறது. விடுதிக்குப் புள்ளி செலுத்தும்போது அமெரிக்காவிலுள்ள ஒரு கம்பெனியின் கணக்கேட்டில் ஒரு வரி குறைகிறது. வாசலில் கொடுப்பதோ சிங்கம் திரியும் மாவட்டத்திலேயே தங்குகிறது.

மாரா சரணாலயத்தை ஒட்டி, ஓலாரே மொடோரோகி, நபோய்ஷோ முதலிய இடங்களில், மாசாய் குடிகள் தங்கள் பட்டா நிலங்களை ஒன்றாகச் சேர்த்து விடுதிகளுக்குக் குத்தகை விட்டிருக்கிறார்கள். மாடு மேய்ப்பதைக் கட்டுப்படுத்தி வனவிலங்குக்கு இடம் விடுவதற்குக் குத்தகைப் பணமே ஈடு. சரணாலயத்துக்குள் அனுமதியாத இராச் சவாரியும் நடந்து உலாவுவதும் அங்கே உண்டு. புள்ளிகளால் மிச்சமான பணத்தில் இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும் என்பது என் துணிந்த அபிப்பிராயம்.

வழிகாட்டியும் புள்ளிக்கு அகப்படாதவன். கென்யாவில் இத்தொழிலுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிப் பரீட்சைகள் உண்டு. புல்வெளியில் கறையான் புற்றின்மேல் ஏறி நின்ற டோப்பி மான் ஒன்று, மேய்ச்சலை மறந்து ஒரே திக்கை நோக்கி மூக்கால் சீறிக்கொண்டிருந்தால், நமக்கு அது அழகான ஒரு படம். அவனோ எஞ்சினை நிறுத்திவிட்டு மானைப் பாராமல் மான் பார்க்கும் புல்லைப் பார்ப்பான். சற்றுப் பொறுத்தால், புல்லின் நிறத்திலேயே இரண்டு காதுகள் தென்படும். இந்த வித்தைக்கு விடைபெறும்போது ரொக்கமாகவே மரியாதை செய்ய வேண்டும். அதில் கை இறுக்கம் கூடாது.

விமான டிக்கெட் விஷயம் சுருக்கமானது. சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போகும் எத்தியோப்பியன் விமானத்துக்கு ஸ்டார் அலையன்ஸ் கூட்டத்தின் மைல்களும், மும்பையிலிருந்து நேரே நைரோபிக்குப் பறக்கும் கென்யா ஏர்வேஸுக்கு ஸ்கைடீம் கூட்டத்தின் மைல்களும் செல்லும். வரி வகையறா எங்கும் ரொக்கமே. மறந்துவிடக் கூடாத காரியம் ஒன்று: புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னதாகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு அத்தாட்சிப் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களை ஆறு நாள் வரை தனித்து நிறுத்தி வைக்க நம் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அந்த வாசத்துக்கு எந்தக் கம்பெனியும் புள்ளி கொடுப்பதில்லை.

(தொடரும்)