மூன்றாம் சக்கரம் வந்த வீடு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும், பிரிட்டனில் ஒரு தொழிலாளி தன் மோட்டார் சைக்கிளுக்குச் சைடுகார் மாட்டினால் பெரும்பாலும் அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து வந்துவிடுவாள். கைக்குழந்தையோடு அது நடக்காது. கார் வாங்கக் கையில் காசில்லை. இருக்கிற வண்டியின் இடது பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு சக்கரம், அவ்வளவுதான். தாயும் குழந்தையும் பெட்டிக்குள்ளே, மூத்த பையன் பின்சீட்டில் என்று ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கடற்கரைக்குக் கிளம்பிவிடும்.

இன்று அதே பிரிட்டனில் சைடுகார் மாட்டுகிறவர் வீட்டு வாசலில் அநேகமாக ஒரு காரும் நிற்கிறது. தேவைக்கு மாட்டிய காலம் போய் ஆசைக்கு மாட்டும் காலம் வந்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான்.

அன்றைய தேவை எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 1912ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய வாட்சோனியன் நிறுவனமே சாட்சி. ஃபிரெட் வாட்சனின் வீட்டுக்குப் போகும் சந்து குறுகல். சைடுகார் மாட்டிய வண்டி உள்ளே நுழையாது. அதனால் மடக்கி ஒடுக்கக்கூடிய சைடுகாரை அவர் செய்தார். அதுவே தொழிலாயிற்று. பத்து ஆண்டு கழித்து, 1922ல், பிளாக்பூலில் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் ‘ஸ்வாலோ’ என்ற பெயரில் அழகான அலுமினியச் சைடுகார்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். பணக்காரர்களின் வண்டியான ஜாகுவாரின் பூர்வீகம் அந்தப் பட்டறைதான்.

அன்று மாட்டுவது ஓரளவு சுலபம். பல மோட்டார் சைக்கிள்களின் இரும்புச் சட்டத்திலேயே சைடுகாரைப் பூட்டுவதற்கான காதுகள் வார்க்கப்பட்டிருக்கும். யார்க்ஷயரில் தயாரான 600 சி.சி. பாந்தர் போன்ற வண்டிகளைச் சைடுகார் இழுப்பதற்கென்றே வாங்கினார்கள். வேகம் குறைந்து இழுவை கூட வேண்டுமென்றால் கியர்பாக்ஸில் சிறிய ஸ்பிராக்கெட் போட்டால் போதும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 1955 முதல் பல ஆண்டுகள் போட்ட ஏர்ல்ஸ் என்ற முன் ஃபோர்க்கில், சைடுகாருக்கென்றே தனியாக ஒரு பொருத்துநிலை இருந்தது. போல்ட்டை அதற்கு மாற்றினால் ஹேண்டில்பாரைத் திருப்பும் பளு குறையும்.

இன்றைய வண்டிகளில் அந்தக் காதுகள் இல்லை. சட்டம் பல சமயம் அலுமினியம். எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்குகிறது. கண்ட இடத்தில் கிளாம்ப் போட்டால் விரிசல் விழும். ஆகவே அந்த மாடலுக்கென்று தனியாக ஒரு துணைச்சட்டம் செய்து, அதில்தான் சைடுகாரின் நான்கு இணைப்புகளையும் பூட்ட வேண்டும். பலர் முன் ஃபோர்க்கையே மாற்றுகிறார்கள். அன்று தெருமுனைக் கடைக்காரர் செய்த வேலைக்கு இன்று விவரம் தெரிந்த பட்டறையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் பூட்டியபின் பார்க்கும் அளவு அன்றும் இன்றும் ஒன்றே. தரையில் இரண்டு நேரான பலகைகள் போதும். மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் ஒட்டி ஒன்று, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பின்னால் இருப்பதைவிட முன்னால் அரை அங்குலம் போலக் குறைந்திருக்க வேண்டும். வண்டி சைடுகாருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்து நிற்க வேண்டும். இந்த இரண்டும் தப்பினால் நேர் சாலையிலும் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்ட வேண்டும். டயரும் சீக்கிரம் தேயும்.

முதல் ஓட்டமும் மாறவில்லை. இருபது வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரே இதில் அதிகம் திணறுவார். வளைவில் உடம்பைச் சாய்த்துப் பழகியவருக்கு இங்கே சாய்வதற்கு எதுவும் இல்லை. ஹேண்டில்பாரைக் கையால் திருப்பினால்தான் வண்டி திரும்பும். ஒற்றை மாட்டை நுகத்தின் ஒரு முனையில் பூட்டிய வண்டியைப் போல, ஆக்சிலேட்டரை முறுக்கினால் பெட்டி பின்தங்கி, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் பெட்டி முந்தப் பார்க்கிறது. வண்டி வலது பக்கம் ஓடுகிறது. இடது வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் காலிப் பெட்டி தரையை விட்டு எழும்பும். பயந்துபோய் ஹேண்டிலை நேராக்கினால், எதிரே வரும் வண்டிகளின் பாதைக்குள் போய் நிற்பார். அதனால்தான் பெட்டியில் மணல் மூட்டை வைத்து, ஆளில்லாத மைதானத்தில் பழகச் சொல்வது அன்றிலிருந்து இன்றுவரை வழக்கம்.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் பொறுத்துக்கொண்ட குடும்பங்களை 1959ல் வந்த மினி கார் இழுத்துக்கொண்டது. சுமார் 500 பவுண்டுக்கு நான்கு சக்கரம், மேற்கூரை, நான்கு பேருக்கு இடம். சைடுகார் சந்தை சரிந்தது. 1961ல் பழகுநர்கள் 250 சி.சி.க்கு மேல் தனி மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாதென்று சட்டம் வந்தபோது, சைடுகார் மாட்டினால் எந்த வண்டியும் ஓட்டலாம் என்ற விலக்கு இருந்தது. பெரிய வண்டி ஓட்டும் ஆசையில், வெறும் பலகையை வைத்துச் சைடுகார் என்று கணக்குக் காட்டிய இளைஞர்களும் உண்டு. குடும்பப் பெட்டி அப்படிச் சட்டத்தின் சந்துபொந்தாகச் சுருங்கிப்போனது.

வாட்சோனியன் பிழைத்துக் கிடந்தது. சென்னையில் தயாரான ராயல் என்ஃபீல்டை அந்த நிறுவனம் பல ஆண்டுகள் பிரிட்டனில் இறக்குமதி செய்து விற்றது. திருவொற்றியூர் புல்லட்டுக்கு அங்கே சைடுகார் மாட்டினார்கள்.

இனி அந்த மீதிப் பாதி உண்மை. இன்று சைடுகார் தேடி வருகிறவர்களில் நாயோடு ஊர் சுற்றுபவர்கள் உண்டு. பழைய வண்டிப் பிரியர்கள் உண்டு. அவர்களோடு, முழங்கால் தேய்ந்து சிக்னலில் கனமான வண்டியைக் காலூன்றித் தாங்க முடியாதவர்களும் வருகிறார்கள். பின்சீட்டில் ஏறமுடியாத துணையை உடன் அழைத்துப்போக நினைப்பவர்களும் வருகிறார்கள். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பெட்டிகளும் செய்யப்படுகின்றன. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரின் நியாயமும் இதுவே.

அன்று சைடுகாரை மாட்டவைத்தது காசில்லாமை. இன்று இவர்களை மாட்டவைப்பது உடம்பு. காசு பிரச்சினையை மினி தீர்த்துவிட்டது. எவ்வளவு மலிவான கார் வந்தாலும், மோட்டார் சைக்கிளை விட மனமில்லாதவரின் முழங்காலுக்கு அது பதில் ஆகாது.